கோப்புப் படம்

வெள்ளத்தேரி ஊரில் ஆட்களின் காலடியில் எழுத்து முளைத்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில். வாசல் தெளிக்க எழுந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள், பார்த்ததும் ஏதோ கரி சிந்திக்கிடக்கிறதாக்கும் என்று விளக்குமாற்றால் தள்ளினார்கள், தள்ளத் தள்ள அது போகவில்லை, அவர்கள் நகர்ந்தால் கூடவே நகர்ந்தது, பயந்துபோய் வீட்டுக்குள் ஓடினால் சிமெண்டுத் தரையிலும் வந்து நின்றது, அடிபம்பில் கால் கழுவினால் தண்ணீருக்கு அடியில் லேசாக நெளிந்துவிட்டு மறுபடி நேராகிக்கொண்டது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி போட்டிருப்பார்களே, அதே அச்சு, அதே கறுப்பு, கடைசியில் அதே முற்றுப்புள்ளி. எதிரே நிற்கிறவர் படிக்கத் தோதாகத் திரும்பிக் கிடந்ததால், தன்னுடையதைத் தானே படிக்க வேண்டுமென்றால் ஆள் குனிந்து தலைகீழாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் அன்று மத்தியானச் சாப்பாட்டோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் ஊருக்குப் பெரிய பாடாகிப்போனது. டீக்கடை வன்னியராஜுக்குக் கீழே, 'டீக்கடைக்காரர். பாலில் தண்ணீர் சேர்ப்பதில்லை.' என்று இருந்தது. அன்றைக்கு அவர் கடையில் நிற்க இடமில்லை. பேரூராட்சித் தலைவருக்குக் கீழே, 'தலைவர் (இடது). யோசிப்பதுபோல் நிற்கிறார்.' என்று வந்ததில் மனுஷன் எங்கே போனாலும் இடது ஓரமாகவே நிற்க ஆரம்பித்தார், வலது பக்கம் யாராவது நிற்காவிட்டால் அவருக்குக் கூச்சமாக இருந்தது. தபால்காரர் பெண்டாட்டிக்குக் கீழே, 'முதல் மனைவி.' என்று இருக்க, அவள் அதைக் குனிந்து படித்துவிட்டு, "அப்போ ரெண்டாவது எவ?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள், சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊரில் ஆள் கிடைத்தாயிற்று.

இப்படி ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒன்றுகூடத் தப்பில்லை என்று தெரிந்த பிறகு, ஊர் அந்த எழுத்தைச் சொந்தக்காரர் மாதிரி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. தரகர்கள் ஜாதகத்தை மூடி வைத்துவிட்டு மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார்கள், கடன் கொடுக்கிறவர்கள் முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தார்கள், மறைக்க ஏதாவது வைத்திருந்த பெண்கள் சேலையைத் தரையில் புரளக் கட்டினார்கள், ஆண்கள் வேட்டியைத் தழைய விட்டார்கள், ஆனால் துணிக்கு மேலேயும் எழுத்து அச்சாக ஏறி வந்ததால் நாலு நாளில் அதையும் விட்டுவிட்டார்கள். தெருவில் எதிரெதிரே வருகிறவர்கள் முதலில் குனிவதும் பிறகு நிமிர்ந்து சிரிப்பதும் வழக்கமாயிற்று. வெளியூர்க்காரன் பார்த்தால் எவ்வளவு மரியாதை தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொள்வான். அவன் எல்லை தாண்டி உள்ளே வந்ததும் அவன் காலடியிலும் ஒரு வரி வந்துவிடும், திரும்பிப் போகும்போதும் அது கூடவே போகும்.

இந்த எழுத்தை ஊருக்குப் படித்துச் சொன்னதே ஆவுடையம்மாள் டீச்சர்தான். அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் அஞ்சாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள், கட்டையான குரல், சாக்பீஸ் படிந்த விரல், சிரித்தால் அபூர்வம். ஊரில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள். தலைப்பு என்றால் என்ன, துணைத்தலைப்பு என்றால் என்ன, பொருளடக்கத்தில் எப்படித் தேட வேண்டும், தடித்த எழுத்தில் போட்டிருக்கிற சொல்லுக்குப் பின்பக்கம் அருஞ்சொற்பொருளில் எப்படி அர்த்தம் பார்க்க வேண்டும் என்று வருஷா வருஷம் தொண்டை வறளச் சொல்லிக் கொடுப்பாள். அதில் அவளுக்கு ரொம்பப் பிடித்தது படவிளக்கம். "படம் ஏமாத்தும் பிள்ளைகளா," என்பாள். "புத்தகத்துல யானையும் எலியும் ஒரே அளவுலதான் இருக்கும். மூஞ்சியப் பாத்து முடிவு பண்ணாதிய. கீழ என்ன போட்டிருக்குன்னு படிக்காம ஒருத்தரும் வாயத் திறக்கப்பிடாது."

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எழுத்துத் தெரியாதவர்கள் அவளைத் தேடி வந்து பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒவ்வொருத்தராக நிற்கவைத்து, "ஆடாம நில்லும்," என்று அதட்டி, ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாக வாசித்துச் சொன்னாள். அவளுக்கு அன்று பெருமை தாங்கவில்லை, ஆயுசு முழுக்கச் சொல்லிக் கொடுத்த பாடத்துக்கு ஊரே பரீட்சை எழுத வந்திருக்கிற மாதிரி இருந்தது. அவளுக்குக் கீழே, 'ஆவுடையம்மாள், ஆசிரியை.' என்று மட்டும் இருந்தது, அதுவே போதும் என்று நினைத்தாள். அன்று பள்ளிக்கூடம் நடக்கவில்லை, வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்தாள், வாசலில் அவள் மகள் பேச்சி ஒற்றைக்காலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள், கட்டத்துக்குக் கட்டம் அவளோடு தாவிக்கொண்டிருந்த வரியை ஆவுடை சிரித்துக்கொண்டேதான் குனிந்து படித்தாள்.

'முத்துப்பேச்சி, 9 வயது. கோப்புப் படம்.'

அதற்கு என்ன அர்த்தம் என்று ஆவுடைக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான், வேறு ஏதாவது அர்த்தம் இருக்காதா என்று செருப்புக்கூடப் போடாமல் பேப்பர் ஏஜெண்ட் கோயில்பிச்சையிடம் ஓடினாள். அவர் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, பேப்பர்ல கோப்புப் படம்னு போடுதாவளே, அது எதுக்கு?"

"அதுவா டீச்சர், ஆளு இப்பம் கைக்குக் கிடைக்கலைன்னு வையிங்க, முன்ன எப்பமோ எடுத்து வச்சிருந்த படத்த எடுத்துப் போட்டுருவாவ."

"அணைக்கட்டுக்கெல்லாம் போடுதாவளே. மழைக்குக்கூடப் போடுதாவ."

"அணைக்கட்டுக்குப் போட்டா ஒண்ணுமில்ல," என்றார் கோயில்பிச்சை. "மனுஷனுக்குப் போட்டா..." என்று இழுத்து, அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். நல்ல மனுஷர்தான், ஆனால் செய்தி விற்றே பழகிய வாய். அவள் தெருமுனை திரும்புவதற்குள் டீக்கடைக்குச் சொல்லிவிட்டார்.

அப்புறம் ஊர் யோசித்தது பாருங்கள், அந்த மாதிரி யோசனை வெள்ளத்தேரிக்காரர்களுக்குத்தான் வரும். எழுத்து தப்பாக இருக்காது, அது முடிந்துபோன விஷயம். கோப்புப் படம் என்று போட்டிருப்பதால் இங்கே பாண்டி ஆடிக்கொண்டிருப்பது படம், அப்படியானால் பிள்ளை போய்விட்டது, போனது எப்போது என்பதுதான் மிச்சம். போன ஆடியில் குளத்தில் வழுக்கி விழுந்து தூக்கிக்கொண்டு வந்தார்களே, அப்போதே போயிருக்கும், மேலே வந்தது படமாகத்தான் இருக்கும் என்று ஒருத்தர் சொன்னார். இருக்கும் இருக்கும், அதற்குப் பிறகு பிள்ளை சத்தமே காட்டுவதில்லை என்று இன்னொருத்தர் சொன்னார். பாவம் டீச்சர், ஒரு வருஷமாகத் தெரியாமலேயே சோறு போட்டிருக்கிறாள் என்று எல்லாருமாக உச்சுக்கொட்டினார்கள்.

மறுநாள் சாவு வீட்டுக்கு வருகிற மாதிரி துட்டி கேட்க வந்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு மரகதம்தான் முன்னால் வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பின்னால் ஏழெட்டுப் பெண்கள் அதேபோலப் பொத்திக்கொண்டு, உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்கள். என்ன எது என்று புரியாத பேச்சி, வீட்டுக்கு ஆள் வந்தால் செய்ய வேண்டியதைச் செய்யலாமே என்று செம்பில் தண்ணீர் மொண்டு வந்து ஒவ்வொருத்தரிடமும் நீட்டினாள். வாங்கிக் குடித்தார்கள், அவள் காலடியைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு விம்மினார்கள். மரகதம் ஆவுடையைக் கட்டிக்கொண்டு, "எம் மதினி, ஒனக்கா இப்பிடி வரணும்! கிளி மாதிரி பிள்ளையில்லா!" என்று குரலெடுத்தாள்.

"ஏட்டி மரகதம், ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" ஆவுடை அவளைப் பிடித்துத் தள்ளினாள். "இந்தா நிக்காளே, இப்பந்தான் ஒங்கையில தண்ணி குடுத்தாளே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நான் மூஞ்சியப் பாத்து ஏமாறலாமா மதினி," என்றாள் மரகதம் அழுதுகொண்டே. "நீதான எங்களுக்குப் படிச்சுக் குடுத்த."

வந்தவர்கள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியேறினார்கள். துட்டி வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது, அது அந்தப் பக்கத்து முறை. பேச்சி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அம்மா, மரகதம் அத்தை ஏன் வாரேன்னு சொல்லாமப் போறா? எம்மேல கோவமா?"

ஆவுடை பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கன்னம், கழுத்து, முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தாள், சூடாக இருந்தது, எண்ணெய் வாடை அடித்தது, கூச்சத்தில் நெளிந்தது. இது படமா? எந்தப் படத்துக்குக் கூச்சம் வரும்?

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது தலைமையாசிரியர் பேச்சியின் பெயரை விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். பிறகு ஆவுடையைத் தனியே கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா டீச்சர்? ஆனா படத்துக்கு வருகை போட்டேன்னு நாளைக்கு மேல இருந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். சத்துணவில் முட்டை பேச்சியின் தட்டைத் தாண்டிப் போனது. கூட விளையாடுகிற பிள்ளைகள் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், புத்தகத்துப் பக்கத்தைத் தாண்டிப் போகிற மாதிரி, அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஆவுடை வகுப்பில் மேசையை அடித்துக் கத்தினாள், இவ பேச்சி, ஒங்ககூடப் படிக்கிற பேச்சி என்று. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று, "நீங்கதான டீச்சர் சொன்னிய, கீழ படிக்காம வாயத் திறக்கப்பிடாதுன்னு," என்று பயந்து பயந்து சொன்னாள். ஆவுடைக்கு அதற்கு மேல் அன்று பாடம் எடுக்க முடியவில்லை.

அந்த எழுத்தை அழிக்க அவள் பண்ணாத கூத்து இல்லை. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தாள், பிளீச்சிங் பவுடர் போட்டாள், பேச்சியின் பாதத்துக்கு மருதாணி அப்பினாள், கோயிலில் நூற்றெட்டுச் சுற்று சுற்றி வந்தாள், மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போனாள். அவரோ குனிந்து பார்த்துவிட்டு, பேய் பிசாசு என்றால் விரட்டலாம், அச்சை எப்படியம்மா விரட்டுவது என்று கையை விரித்துவிட்டார். கடைசியில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயிண்டரைக் கூட்டி வந்து, பேச்சியைத் தெருவில் நிற்கவைத்து, அந்த வரிக்கு மேலேயே இனாமல் பெயிண்டால் பெரிதாக, 'உயிரோடு இருக்கிறாள்' என்று எழுதச் சொன்னாள். அழகாகத்தான் எழுதினார், நிழல் வேறு கொடுத்தார். காய்ந்ததும் பேச்சி ஒரு அடி நகர்ந்தாள், அச்செழுத்து அவளோடு போனது, பெயிண்ட் எழுத்து நடுத்தெருவில் ஆளில்லாமல் கிடந்தது. ரொம்ப நாள் அது அங்கேயே கிடந்தது, ஜனங்கள் மிதிக்காமல் சுற்றிப் போனார்கள்.

பஸ் ஏறி எங்காவது போய்விடலாம் என்று ஒரு நாள் கிளம்பினாள். படிக்கட்டில் கண்டக்டர் குனிந்தார், நிமிர்ந்தார், "உங்களுக்கு மட்டும் டிக்கெட் போடுதேன் டீச்சர். இத லக்கேஜ்லதான் ஏத்தணும், கோவிச்சுக்கிடாதிய," என்றார், ரொம்ப மரியாதையாக. ஆவுடை இறங்கிவிட்டாள்.

புருஷன் தளவாய் லாரி ஓட்டுகிறவன், வடக்கே போனால் திரும்ப ஒரு மாசம் ஆகும். அவன் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும், பெற்ற தகப்பன் அவன் சொன்னால் ஊர் கேட்கும் என்று ஆவுடை காத்திருந்தாள். அவன் வந்தான். வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள் போல, வரும்போதே அக்குளில் பிரவுன் தாள் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தால் பேச்சியின் போட்டோ, கண்ணாடிச் சட்டம், சந்தனமாலை, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. ஆணி அடிக்க இடம் பார்த்துச் சுவரைத் தட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பேச்சி எட்டிப் பார்த்தாள். "அப்பா, என் போட்டோவா? எனக்கா வாங்கிட்டு வந்திய?" என்று கேட்டாள்.

ஆவுடை அந்தச் சட்டத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தாள்.

"பெத்தவன் நீயே பல்பு மாட்ட வந்துட்டியே, நீ மனுஷனா?" என்று அவன் நெஞ்சில் குத்தினாள். "பிள்ளையத் தூக்கு, மோந்து பாரு, ஒம் பிள்ளைன்னு சொல்லு! ஒரு வார்த்தை ஊரு கேக்க சொல்லு!"

தளவாய் பேச்சியை நிமிர்ந்து பார்க்கவில்லை, அவன் கண் அவள் காலடியிலேயே கிடந்தது. "எனக்குப் பாக்கப் பயமா இருக்கு ஆவுடை," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடித் துண்டுகளைக் கையாலேயே பொறுக்கினான், விரலில் ரத்தம் வந்தது, அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு லாரிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பாதையில் லாரி ஓட்டவில்லை என்று கேள்வி.

இதிலெல்லாம் உடையாத ஆவுடையை உடைத்தது பேச்சிதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை ஆட்டத்தை நிறுத்தியது, பேச்சை நிறுத்தியது, ஜன்னலோரம் கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நேராக நின்றது. கண் சிமிட்டுவதைக்கூட அடக்கி அடக்கி, கண்ணீர் வழிய வழிய நின்றது. என்னடி பண்ணுகிறாய் என்று ஆவுடை உலுக்கியபோது, உதட்டை அசைக்காமல், "படம் அசையக்கூடாதுல்லாம்மா," என்றது. ஆவுடை அங்கேயே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஊர் சொன்னதை இவளால் மறுக்க முடியும், பிள்ளையே நம்பிவிட்டால் யாரிடம் போய் மறுப்பாள்?

அந்த வாரமே பேச்சிக்குக் காய்ச்சல் கண்டது, அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும், சும்மா இருக்க முடியாமல், பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் பஜார் வழியாக ஓடினாள். ஒன்பது வயசுப் பிள்ளை, கால் இரண்டும் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கி ஆடின. ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுக் கொடுக்கிறவர் வழக்கம்போலக் குனிந்தார். ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சாதாரணமாகப் பேனாவை எடுத்து, "பிள்ளைக்கு எத்தன நாளாக் காய்ச்சல்?" என்று கேட்டார்.

கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். பேச்சியின் பாதம் தரையில் படவில்லை, அதனால் அவளுக்கென்று தனி எழுத்து இல்லை. இவள் பாதத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: 'ஆவுடையம்மாள், ஆசிரியை. மகளுடன்.'

மகளுடன்! அந்த ஒரு சொல்லை ஆவுடை வாய்விட்டுப் படித்தாள், வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கப் படித்தாள். டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை எழுதினார், பேச்சிக்கு வியர்த்தது, பசிக்கிறது என்று சொன்னாள்.

அன்றிலிருந்து வீட்டு வாசலைத் தாண்டினால் ஆவுடை பிள்ளையை இறக்கி விடவில்லை. ஊர் இதையும் எளிதாகச் சேர்த்துக்கொண்டது. அம்மா இடுப்பில் இருக்கிறவரை பிள்ளை உண்டு, இறங்கினால் இல்லை, அவ்வளவுதானே, என்ன கஷ்டம் என்றார்கள். பேச்சி அம்மா இடுப்பில் இருக்கும்போது மட்டும் தலைமையாசிரியர் அவள் பெயரைக் கூப்பிட்டார், அவளும் ஆவுடையின் தோளுக்கு மேலிருந்து 'உள்ளேன் ஐயா' என்றாள். ஆவுடை ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் கரும்பலகையில் எழுதினாள். முட்டை கிடைத்தது. கடைக்காரர் பேச்சிக்கென்று மிட்டாய் கொடுத்தார். துட்டிக்கு வந்த பெண்கள் தெருவில் பார்த்தால் பேச்சியின் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் கால் தவறித் தரையைத் தொட்டுவிட்டால் மட்டும் கிள்ளிய கையை வெடுக்கென்று எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் படம் வளராது, பேச்சி வளர்ந்தாள். பாவாடைக்கு மடிப்பு அவிழ்த்து விட வேண்டியிருந்தது, பல் விழுந்து முளைத்தது, வருஷம் ஒன்று போய் இன்னொன்றும் போனது, இடுப்பில் இருந்தவளை முதுகுக்கு மாற்ற வேண்டி வந்தது. ஆவுடைக்கு முதுகெலும்பு வளைந்தது, அடிவயிறு சரிந்தது, படி ஏறும்போது மூச்சு சீழ்க்கையடித்தது. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இனிமே வெயிட் தூக்கினா நான் பொறுப்பில்ல. இறக்கி வச்சிருங்க டீச்சர்," என்றார்.

"இறக்கி வச்சா இவளுக்கு நீங்க வைத்தியம் பாப்பியளா டாக்டர்?"

டாக்டர் தரையைப் பார்த்தார்.

ஒரு முறை, ஒரே ஒரு முறை, முடியாத கட்டத்தில் மரகதத்திடம் கெஞ்சினாள். "அஞ்சு நிமிஷம் வச்சிருட்டி, கை மரத்துப்போச்சு, ஒன்ன கையெடுத்துக் கும்பிடுதேன்." மரகதம் இரண்டு கையையும் நீட்டினாள். நீட்டிவிட்டுத் தன் காலடியைப் பார்த்தாள். "எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கே மதினி," என்று கையை இழுத்துக்கொண்டாள். "எனக்குக் கீழ வேற ஏதாவது வந்துட்டா நான் என்ன செய்வேன்?" ஆவுடைக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை, கோபப்படவும் தெம்பு வேண்டுமில்லையா?

பேச்சிக்குப் பன்னிரண்டு நடந்த சித்திரையில், சந்தை நாளில், மத்தியான நேரம், ஆவுடை பஜார் நடுவில் நின்றுவிட்டாள். நெஞ்சில் யாரோ முழங்காலைப் போட்டு அழுத்தினார்கள். இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரு அடி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், மூன்றாவது அடிக்கு முழங்கால் மடங்கிவிட்டது. பிள்ளையைக் கீழே போட்டுவிடக் கூடாதே என்றுதான் விழும்போதும் நினைத்தாள். பேச்சி சறுக்கி இறங்கித் தரையில் நின்றாள், அவள் நீளத்துக்கு நிழல் விழுந்தது, நிழலுக்கு மேலே இன்னும் அதே வரி, அதே ஒன்பது வயது.

கூட்டம் கூடியது. வன்னியராஜ் தண்ணீர் தெளித்தார், யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள், டீச்சரைத் தூக்குங்கப்பா என்று நாலு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். ஆவுடை மறு கையால் பேச்சியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளையும் ஏத்துங்க," என்றாள், குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. "அவ இல்லாம வரமாட்டேன்."

"மொதல்ல ஒங்களப் பாப்போம் டீச்சர், அது இங்கன கெடக்கட்டும், ஒண்ணும் ஆவாது," என்று ஆட்டோக்காரர் அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். நல்ல எண்ணத்தில்தான் பிரித்தார். சுண்டுவிரல்தான் பாக்கி இருந்தது.

"தள்ளுங்க," என்றாள் பேச்சி.

ஆடாமல் அசையாமல் நின்று பழகிய பிள்ளை, மூன்று வருஷமாகத் தெருவில் ஒரு காலடிகூட வைக்காத பிள்ளை, கூட்டத்தை இரண்டு முழங்கையாலும் இடித்துக்கொண்டு வந்து, குனிந்து, அம்மாவின் அக்குளில் ஒரு கையும் முழங்காலுக்கு அடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினாள். முதல் தடவை முடியவில்லை. இரண்டாம் தடவை தொடை நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஆவுடையிடம் கனமென்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, எலும்பும் சேலையும்தான்.

கூட்டம் பழக்கதோஷத்தில் குனிந்தது. பேச்சியின் காலடியில் எழுத்து ஒரு தடவை கலங்கி, புதிதாகக் கூடியது. பஜார் முழுக்க முணுமுணுப்பாக அதைப் படித்தது.

'முத்துப்பேச்சி, 12 வயது. தாயின் படத்துடன்.'

மரகதம் முந்தானையை எடுத்து வாயைப் பொத்தினாள். ஒருத்தர் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

பேச்சியின் கையில் கிடந்தபடியே ஆவுடையும் கீழே பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்தாலும் பிள்ளைகளின் நோட்டை மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே திருத்திப் பழகிய கண்ணுக்கு அது ஒரு பொருட்டில்லை. முதலில் பெயரைப் பார்த்தாள். பிறகு பன்னிரண்டைப் பார்த்தாள், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பாயசம் வைத்தது வீண்போகவில்லை, பிள்ளை எழுத்தில் ஏறிவிட்டாள், இனி பள்ளிக்கூடத்தில் பேர் உண்டு, பஸ்ஸில் இடம் உண்டு, நின்ற இடத்தில் நிற்கலாம், ஓடலாம். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகுதான் மீதிச் சொல்லைப் படித்தாள், தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள், அடித்துக்கொண்டுதான் இருந்தது, மெதுவாக, விட்டு விட்டு. பரவாயில்லை என்று நினைத்தாள். இந்த விலைக்குப் பரவாயில்லை.

"பேச்சி," என்றாள். "என்ன இறக்கி விட்டுரு மக்கா. ஒனக்கு எழுத்து வந்துட்டு ஏட்டி. கீழ பாரு, என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாரு."

பேச்சி குனியவில்லை. அஞ்சு வயசிலேயே பேப்பரைத் தடங்கல் இல்லாமல் வாசித்தவள், வீட்டில் இருந்த புத்தகத்தையெல்லாம் அட்டையிலிருந்து அட்டைவரை முடித்தவள், அம்மாவை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றித் தோளோடு இறுக்கிக்கொண்டு, வழிவிட்ட கூட்டத்துக்கு நடுவில் ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா," என்றாள்.